நிலத்தடிச் சேம்பரில் ஃபைபர் கேபிள் இணைப்பை அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிலத்துக்கடியில் இருக்கும் ஃபைபர் இணைப்பு பழுதாகித் திறந்து பார்க்கப்படும்போது, இழைகளை ஒட்டிய இடம் நன்றாகவே இருக்க, அதைச் சுற்றியுள்ள ஏற்பாடுகள்தான் கெட்டுப்போயிருக்கும். இணைப்பைக் காக்கும் மூடுபெட்டியான குளோஷருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்; கேபிளின் எடை நுழைவாயில் ரப்பரை ஒரு பக்கமாக இழுத்திருக்கும்; ஒட்டிய இழைகளைச் சுருட்டிவைக்கும் தட்டான ட்ரேயின் மூடி விளிம்பில் ஓர் இழை சிக்கி நசுங்கியிருக்கும். இழைகளை நேர்ப்படுத்தி ஒட்டுவதை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. மற்றவை அனைத்தும் கைவேலை என்பதால், பிழைகளும் அங்கேதான் நடக்கின்றன.

சிங்கிள் மோட் கேபிள்கள் இரண்டையோ அதற்கு மேற்பட்டவற்றையோ ஒரு குளோஷருக்குள் இணைத்து, அந்தக் குளோஷரை நிலத்தடிக் கேபிள் அறையான சேம்பருக்குள் நிலையாகப் பொருத்தும் வரையிலான வேலை இங்கே வரிசைப்படி தரப்பட்டுள்ளது. வரிசையை மாற்றினால் எங்கே இடறும் என்பது அந்தந்தப் படியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

1. புறப்படும் முன் முடித்துவைக்க வேண்டியவை

முதல் வேலை கேபிளின் வெளிவிட்டத்தை அளப்பது. தயாரிப்பாளரின் தாளில் உள்ள எண்ணை நம்பாமல், உண்மையான கேபிளை வெர்னியர் காலிப்பரில் இரண்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். குளோஷரின் ஒவ்வொரு நுழைவாயிலும் குறிப்பிட்ட விட்ட வரம்புக்கு மட்டுமே நீர் புகாமல் அடைபடும். அந்த வரம்புக்கு அரை மில்லிமீட்டர் வெளியே போனாலும் ரப்பர் பிடிக்காது. இதைச் சேம்பரின் ஓரத்தில், கேபிளை வெட்டிய பிறகு கண்டுபிடிப்பவர்களே அதிகம்.

அடுத்தது குளோஷரின் வகை. எல்லாக் கேபிள்களும் ஒரே முனையில் நுழையும் குவிமாட வடிவம் ஒன்று. இரு முனைகளிலும் நுழையும் நீள்வடிவம் மற்றொன்று. சிறிய சேம்பர்களில் குவிமாட வடிவமே வசதியானது, ஏனெனில் இரண்டு பக்கத்துக் கேபிள்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே சுருளாகச் சுற்றிவைக்க முடியும்.

நீரை அடைக்கும் முறையிலும் தேர்வு உண்டு. சூடாக்கிச் சுருக்கும் குழாய்கள் உறுதியானவை; ஆனால் அவற்றுக்கு நெருப்போ சூடான காற்றோ தேவை, மீண்டும் திறக்கும்போது புதிய குழாயும் தேவை. எதிர்காலத்தில் கேபிள் சேர்க்கப்படக்கூடிய இடத்தில் ஜெல் அடைப்போ திருகி இறுக்கும் ரப்பர் அடைப்போ உள்ளதையே தேர்ந்தெடுக்கலாம். எந்த வகையானாலும் தூசியும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐபி68 தரம் இருக்க வேண்டும். அந்தத் தரத்தில் நீரின் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார் என்பதால், சேம்பர் முழுவதும் நீர் நிறைந்தால் எத்தனை மீட்டர் ஆழம் வரும் என்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இணைப்புத் திட்டத்தை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்த டியூப்பின் (கேபிளுக்குள் இழைகளைத் தாங்கும் சிறு குழாய்) எந்த இழை எதனோடு சேர்கிறது, எந்த ட்ரேயில் அமர்கிறது என்பது அதில் இருக்க வேண்டும். அமெரிக்கத் தரமான டிஐஏ-598 இன்படி நிற வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு, அக்வா என்று போகும். வேறு தரங்களைப் பின்பற்றும் கேபிள்களில் இவ்வரிசை மாறும். இரு கேபிள்களும் வெவ்வேறு தயாரிப்பாளருடையவை என்றால், நிறத்தை நம்பாமல் எண்ணை எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

2. சேம்பர் போதுமானதா என்று பார்த்தல்

சேம்பரின் அளவைத் தீர்மானிப்பது குளோஷர் அன்று, கேபிள் சுருள்தான். கேபிளை இழுக்கும்போது வளைவு ஆரம் அதன் விட்டத்தின் 20 மடங்குக்குக் குறையக்கூடாது என்பதும், இழுவிசை இல்லாமல் நிலையாக வைத்தபின் 10 மடங்குக்குக் குறையக்கூடாது என்பதும் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. 15 மில்லிமீட்டர் கேபிளுக்கு நிலையான வளைவு ஆரம் 150 மில்லிமீட்டர். அதாவது சுருளின் விட்டம் 300. இது விளிம்பு எல்லை மட்டுமே. பல சுற்றுகள் உள்ள சுருளைக் கையால் தூக்கி உள்ளே இறக்க வேண்டியிருப்பதால், நடைமுறையில் இதைப்போல் இரு மடங்கு விட்டத்துக்கு இடம் இருப்பது நல்லது.

மூடியின் சுமைத் தரம் இருக்கும் இடத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 124 இன்படி, ஏ15 பாதசாரிகள் மட்டுமே நடக்கும் இடத்துக்கும், பி125 நடைபாதைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும், டி400 வாகனங்கள் ஓடும் சாலைக்கும் உரியவை. சுவரில் கேபிள் தாங்கிகள் இல்லையென்றால், இணைப்பு வேலைக்கு முன்னரே அவற்றைப் பொருத்திவிடுங்கள். இழைகளை ஒட்டி முடித்த குளோஷர் பக்கத்தில் இருக்கும்போது சுவரைத் துளையிடுவது தேவையற்ற அபாயம்.

3. மூடியைத் திறப்பதும் காற்றைச் சோதிப்பதும்

புதியவர்கள் மிக வேகமாகக் கடந்துவிடும் படி இதுதான். மாற்றிச் செய்ய வாய்ப்புத் தராத படியும் இதுதான். சேம்பர் கேபிளுக்காகக் கட்டப்பட்டதுதானே, அதில் வாயு எப்படி வரும் என்று கேட்பார்கள். கேபிள் செல்லும் குழாய்களான டக்ட்கள் வழியாக எதுவும் எங்கிருந்தும் வரும்: பக்கத்தில் கசியும் எரிவாயுக் குழாய், கழிவுநீர்க் குழாய், சிந்திய எரிபொருள், அழுகும் இலைகள். ஈரமான இரும்பு துருப்பிடிப்பதே மூடிய அறையின் ஆக்சிஜனைக் குறைத்துவிடப் போதும்.

முதலில் வாகனத் தடுப்புகளை வைத்துவிட்டு, மூடியைத் தூக்கும் முன்பே அதிலுள்ள துளை வழியாக வாயு அளவியின் உறிஞ்சு குழாயை இறக்கி அளக்க வேண்டும். இரும்பு மூடி சட்டத்தில் உரசும்போது பொறி பறக்கலாம். உள்ளே எரியும் வாயு தேங்கியிருந்தால் அந்தப் பொறி போதும்.

நான்கு வாயு அளவியில் ஆக்சிஜனை முதலிலும், எரியும் வாயுவை அடுத்தும், நச்சு வாயுக்களைப் பிறகும் பார்க்க வேண்டும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எரியும் வாயுவை உணரும் பல அளவிகள் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால்தான் சரியான எண்ணைக் காட்டும். ஆக்சிஜன் குறைந்த அறையில் அது பூஜ்ஜியம் காட்டினாலும் அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பொருளில்லை.

ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் 23.5 சதவீதத்துக்கு மேலே இருந்தாலும் இறங்கக்கூடாது. எரியும் வாயு, அதன் வெடிப்புக் கீழ்வரம்பில் (காற்றில் தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவு) 10 சதவீதத்தை எட்டினால் விலகிவிட வேண்டும். மீத்தேன் மேலே தேங்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு கீழே தேங்கும் என்பதால் மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் அளக்க வேண்டும். உறிஞ்சு குழாயின் நீளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு மட்டத்திலும் காத்திருக்கவும் வேண்டும். மூக்கை அளவியாகப் பயன்படுத்த வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடும்போது மோப்ப உணர்வையே முடக்கிவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டதென்றால் வாயு போய்விட்டது என்று பொருளாகாது.

காற்றூதியின் குழாயை அடிவரை இறக்கி, ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் ஓடவிடுங்கள். காற்றூதி உறிஞ்சும் வாய்ப்பகுதி, வாகனத்தின் புகைக்குழாய்க்கோ ஜெனரேட்டருக்கோ அருகில் இருக்கக்கூடாது. வாயு அளவி இறங்குபவரின் உடலிலேயே தொடர்ந்து இயங்க வேண்டும். மேலே ஒருவர் நிற்க வேண்டும்; அவருடைய வேலை பார்த்துக்கொண்டிருப்பதும், கயிற்றாலும் முக்காலியாலும் மேலிருந்தே இழுத்துத் தூக்குவதும் மட்டுமே. எந்த நிலையிலும் அவர் உள்ளே குதிக்கக்கூடாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, இத்தகைய அடைபட்ட இடங்களில் உயிரிழப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மீட்கப் போனவர்களே.

4. நீரை வெளியேற்றுதலும் காலி டக்ட்களை அடைத்தலும்

இறைக்கும் முன் நீரின் மேல் எண்ணெய்ப் படலமோ கழிவுநீர் நாற்றமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தெருவிலோ மழைநீர் வடிகாலிலோ விடக்கூடாது. எஞ்சின் பம்பை ஒருபோதும் சேம்பருக்குள் இறக்க வேண்டாம்.

நீர் வடிந்தபின் அது மீண்டும் எந்த டக்ட் வழியாக வருகிறது என்று சற்று நேரம் கவனியுங்கள். கேபிள் இல்லாத காலி டக்ட்களை இப்போதே அடைப்பான் வைத்து மூடிவிடலாம். நீர், வாயு, எலி மூன்றும் அந்த வழியில்தான் வருகின்றன. கேபிள் உள்ள டக்ட்களை மட்டும் இப்போது அடைக்காதீர்கள். கேபிளை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டிய வேலை இன்னும் இருக்கிறது. அவற்றுக்கு 11-ஆம் படியில் முறை வரும்.

5. உபரி கேபிளை அளத்தலும் வெற்று ஒத்திகையும்

இழை ஒட்டும் வேலை சேம்பருக்குள் நடக்கக்கூடாது. இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரம் மின்பொறியால்தான் கண்ணாடியை உருக்குகிறது. வாயு தேங்கக்கூடிய இடத்தில் அதை இயக்குவது எவ்வளவு ஆபத்தானது என்று விளக்கத் தேவையில்லை. ஈரமும் தூசியும் வேறு. ஆகவே கேபிள் மேலே வந்து, வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இருக்கும் மேசையை எட்ட வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு பக்கத்திலும் 10 முதல் 15 மீட்டர் வரை உபரி விடப்படுகிறது.

வெளியே எடுத்த கேபிளைத் தரையில் எட்டு வடிவில் அடுக்குங்கள். வட்டமாக அடுக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறும். எட்டு வடிவில் ஒரு பாதியில் ஏறும் முறுக்கை மறுபாதி கழித்துவிடும்.

கத்தியை எடுக்கும் முன் ஒத்திகை பாருங்கள். பலர் தவிர்த்துவிடும் படி இது. என் கணிப்பில் அதிக நேரத்தை மிச்சப்படுத்துவதும் இதுவே. குளோஷர் சுவரில் எங்கே அமரும் என்று முடிவுசெய்து, வெட்டாத கேபிள்களைச் சேர்த்துப் பிடித்துச் சுருளாக்கித் தாங்கியில் வைத்துப் பாருங்கள். குளோஷரின் நுழைவாயில் வரும் இடத்தில் கேபிள் மீது நாடா ஒட்டிக் குறியிடுங்கள். பிறகு மீண்டும் மேலே எடுங்கள். இந்தக் குறி இல்லாமல் மேலேயே வெட்டி ஒட்டியவர்கள், கடைசியில் அரைச் சுற்று மிஞ்சியோ குறைந்தோ போய், குளோஷரைக் குறுக்காகத் திணித்துவைப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே வளைவு ஆரம் தானாகவே மீறப்படுகிறது.

குறியிட்ட இடத்தில் உறையில் அச்சிடப்பட்டுள்ள மீட்டர் எண்ணையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள். உறையை உரித்தபின் அந்த எண் குப்பைக்குப் போய்விடும்.

6. கேபிளை உரித்தல்

முதலில் உள்ளே நுழைக்க வேண்டியவற்றை நுழையுங்கள். பிளவில்லாத ரப்பர் அடைப்போ சுருங்கும் குழாயோ உள்ள குளோஷர் என்றால், அவை உறையை உரிக்கும் முன்பே கேபிளில் ஏறியிருக்க வேண்டும். இழைகள் ஒட்டப்பட்ட பிறகு அவற்றை நுழைக்க வழியே இல்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

உரிக்க வேண்டிய நீளம் குளோஷரின் கையேட்டில் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை என்பது வழக்கமான அளவு. உறையைச் சுற்றிலும் வளைய வெட்டுக் கத்தியால் கீறி, கிழிப்பு நூலை வெளியே எடுத்து இழுத்துப் பிளக்க வேண்டும். கத்தியை நீளவாக்கில் ஆழமாக ஓட்டினால் உள்ளே இருக்கும் டியூப் வெட்டுப்படும்; வெட்டு அப்போது கண்ணுக்குத் தெரியாது, டியூப்பை வளைக்கும்போதுதான் வாய் திறக்கும். இரும்புக் கவசத் தகட்டின் ஓரம் சவரக் கத்திபோல் கூரானது. வெட்டெதிர்ப்புக் கையுறை அணிவதோடு, வெட்டிய விளிம்பை நாடாவால் சுற்றி மூடவும் வேண்டும்; இல்லையேல் அது பல ஆண்டுகள் மெல்ல மெல்ல டியூப்பை அரித்துக்கொண்டிருக்கும்.

நடுவிலுள்ள வலுக்கம்பியை முழுவதும் வெட்டிவிடாதீர்கள். கையேடு சொல்லும் நீளத்துக்கு விட்டு வெட்டுங்கள். அடுத்த படியில் கேபிளைப் பிடிக்கப்போவது அதுதான்.

ஜெல் நிரப்பிய கேபிளில் ஜெல்லைச் சுத்தம் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மேலோட்டமாகத் துடைத்துவிட்டால், மிச்சம் வெயில் நாட்களில் இளகி ட்ரேக்குள் வழிந்து, இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். உரிய கரைப்பானால் துடைத்து, பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூலுதிராத துணியால் மீண்டும் துடைக்க வேண்டும். விரல்களுக்கிடையே பிடித்து நகர்த்தும்போது டியூப் வழுக்காமல் லேசாகக் கிறீச்சிட்டால் சுத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம்.

நேரடியாகக் கடந்துபோகும் கேபிளில் ஓரிரு இழைகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும் என்றால், உறையை மட்டும் திறந்து தேவையான டியூப்பை வெட்டி, மற்றவற்றை வெட்டாமல் சுருட்டிவைக்க வேண்டும். அப்போது எந்த டியூப் என்பதை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து உறுதிசெய்த பின்னரே வெட்டுங்கள். உயிரோட்டமுள்ள இழையின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஒளி இருக்கிறதா என்பதை அளவியால் மட்டுமே அறிய வேண்டும்.

7. குளோஷருக்குள் கேபிளைப் பிடித்தல்

வலுக்கம்பியும் உறையும் குளோஷரின் சட்டத்தில் தனித்தனியாக இறுக்கப்பட வேண்டும். உறையை மட்டும் பிடித்தால், வெப்பத்தில் நீண்டும் குளிரில் சுருங்கியும் உள்ளிருக்கும் பகுதி தனியே நகர்ந்து, டியூப்களை ட்ரேக்குள் தள்ளும். வலுக்கம்பியை இறுக்கும் திருகை அளவாக முடுக்குங்கள். கண்ணாடி இழையால் ஆன வலுக்கம்பி என்றால் அதிக முடுக்கில் பிளந்துவிடும். பிளந்த கம்பி எதையும் பிடிக்காது.

இரும்புக் கவசம் உள்ள கேபிள்களில் இரு பக்கக் கவசங்களையும் பிணைப்புக் கம்பியால் இணைத்து, வலைப்பின்னலின் விதிப்படி நிலஇணைப்பு கொடுக்க வேண்டும். மின்னல் அல்லது அருகிலுள்ள மின்கேபிளால் கவசத்தில் மின்னழுத்தம் ஏறினால், அடுத்து அதைத் தொடுபவரின் கை வழியே அது இறங்கக்கூடாது.

டியூப்களுக்கு எண் ஒட்டி, ட்ரே நுழைவு வரை அகலமான வளைவில் கொண்டுசெல்லுங்கள். ட்ரேயைக் கீல்போல் முழுவதும் திறந்து மூடிப் பார்த்து, டியூப் எங்கேனும் மடிகிறதா என்று சோதித்த பிறகே கட்டுங்கள். நைலான் பட்டையைக் கையால் இறுக்கினால் போதும்; இறுக்கும் கருவி இங்கே வேண்டாம். டியூப்பின் வட்டம் நசுங்கித் தெரிந்தால் இறுக்கம் அதிகம்.

8. இழைகளை ஒட்டுதல்

பாதுகாப்பு ஸ்லீவை நுழைத்தல், மேல்பூச்சை உரித்தல், துடைத்தல், கிளீவ் செய்தல் (முனையை நேராக வெட்டுதல்), ஒட்டுதல், ஸ்லீவைச் சூடாக்குதல்: ஒவ்வோர் இழைக்கும் இதே வரிசை. ஸ்லீவை மறந்துவிட்டு ஒட்டியபின் நினைவுக்கு வருவது எல்லோருக்கும் நடப்பதே; வெட்டி மறுபடி செய்யுங்கள், வேறு எதையாவது சுற்றிச் சமாளிக்காதீர்கள்.

கிளீவ் செய்த பிறகு இழையைத் துடைக்கக்கூடாது. புதிதாக வெட்டிய முகம்தான் இருப்பதிலேயே தூய்மையானது. துணி பட்டால் அழுக்கும் கீறலும் ஏறும். வெட்டுக் கோணம் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அடிக்கடி மீறினால் குற்றம் கிளீவரின் கத்தியில். கத்தியை அடுத்த இடத்துக்குத் திருப்புங்கள். வெட்டுண்ட துணுக்குகளை எண்ணியே மூடியுள்ள குப்பியில் போடுங்கள், மேசையில் உணவு வைக்காதீர்கள். 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடித் துணுக்கு தோலில் புகுந்தால் தேடி எடுப்பது எளிதன்று.

வேலை தொடங்கும் முன், அந்த இடத்தின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஏற்ப இயந்திரத்தின் மின்பொறியைச் சரிப்படுத்தும் சோதனையை ஓட்டிவிடுங்கள். ஒட்டியவுடன் திரையில் வரும் இழப்பு எண் படத்தைப் பார்த்துச் செய்த மதிப்பீடே; அளவீடு அன்று. 0.02 டெசிபல் என்று காட்டினாலும், உண்மையை, இழைக்குள் ஒளித்துடிப்பைச் செலுத்தி இழப்பை அளக்கும் ஓடிடிஆர் கருவி சொல்ல வேண்டும்.

9. ட்ரேயில் சுருட்டி, மூடும் முன் அளத்தல்

வழக்கமான இழைகளுக்குச் சுருள் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஜி.657 வகை இழைகள் இதைவிடச் சிறிய வளைவைத் தாங்கும். ஆனால் ஒரே ட்ரேயில் இரண்டு வகையும் இருக்கலாம் என்பதால் பெரிய ஆரத்தையே பின்பற்றுங்கள். ஸ்லீவ் அதன் பள்ளத்தில் முழுவதும் அமர வேண்டும். ட்ரே மூடியின் எந்தத் தாழ்ப்பாளுக்கும் அடியில் இழை போகக்கூடாது.

ட்ரேக்களை மூடி, குளோஷரை மூடாமல், ஓடிடிஆரில் அளக்க வேண்டும். 1310 நானோமீட்டர், 1550 நானோமீட்டர் ஆகிய இரு அலைநீளங்களிலும் ஒவ்வோர் இழையையும் பாருங்கள். இரண்டிலும் இழப்பு ஏறக்குறைய ஒரே அளவு கூடியிருந்தால் ஒட்டியதில் குறை. 1310-இல் நன்றாக இருந்து 1550-இல் மட்டும் கூடினால் எங்கோ இழை அதிகமாக வளைந்திருக்கிறது. இது தெரியாமல், வளைவுக் குறையைத் தீர்ப்பதற்காக நல்ல இணைப்பை மறுபடி மறுபடி வெட்டி ஒட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்யும்போது இழையின் நீளம் குறைந்துகொண்டே போய், வளைவு இன்னும் இறுகும்.

அளவீட்டை இரு முனைகளிலிருந்தும் எடுத்துச் சராசரி காண வேண்டும். இரு இழைகளின் உட்கட்டமைப்புச் சற்று வேறுபட்டால், ஒரு திசையில் இழப்புக்குப் பதில் ஒளி கூடியது போலவும், மறுதிசையில் இழப்பு மிகையாகவும் தோன்றும். இருதிசைச் சராசரி 0.1 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது பல வலைப்பின்னல்களின் வரம்பு.

10. குளோஷரை மூடுதலும் அழுத்தச் சோதனையும்

கேபிளின் உறை, அடைப்பு அமரும் இடத்தில், எப்படி இருக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். டக்ட் வழியாக இழுக்கப்பட்டபோது விழுந்த நீளவாட்டுக் கீறல் ஒன்று அங்கே இருக்கக்கூடும். குறுக்குக் கீறலை ரப்பர் மூடிவிடும். நீளவாட்டுக் கீறல் ரப்பருக்கு அடியில் ஒரு வாய்க்கால் போலக் கிடந்து, வெளியிலிருந்து உள்ளே நீரைக் கொண்டுபோகும். உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேய்த்துக் கீறலை அழித்து, துடைத்து, உலரவிட்ட பிறகே அடைப்பை அமர்த்துங்கள். நீளவாக்கில் தேய்த்தால் நீங்களே புதிய கீறல்களைப் போட்டுவிடுவீர்கள்.

வட்ட ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகளோ தலைமுடியோ இருந்தாலும் கசியும். பயன்படுத்தாத நுழைவாயில்களில் அடைப்பான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். திருகுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ரப்பர் சாய்ந்து உட்காரும்.

காற்று வால்வு உள்ள குளோஷரில் கையேடு அனுமதிக்கும் அளவுக்குக் காற்றை ஏற்றுங்கள். 35 முதல் 40 கிலோபாஸ்கல் வரை ஏற்றுவது வழக்கம். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல அடைப்பும் வெளியே தள்ளப்படும். நுழைவாயில்களிலும் விளிம்பிலும் சோப்புநீரைத் தடவி, அவசரப்படாமல் பாருங்கள். பெரிய கசிவு உடனே நுரைக்கும். சிறிய கசிவு, கேபிளும் ரப்பரும் சந்திக்கும் ஓரத்தில் கடுகளவு குமிழியாகத் தோன்றி, மெல்லப் பெருத்து, உடைந்து, அதே இடத்தில் மறுபடி தோன்றும். அந்தக் குமிழிதான் பின்னாளில் குளோஷரை நிரப்பப்போகும் தண்ணீர். கண்டுபிடித்தால் மேலே பசை பூசாமல், காற்றை இறக்கி, திறந்து, அடைப்பை மறுபடி அமர்த்துங்கள். சோதனை முடிந்ததும் காற்றை முழுவதும் வெளியேற்றி வால்வு மூடியைத் திருக மறக்கக்கூடாது. உள்ளே அழுத்தத்தோடு விட்டால் அடுத்து திறப்பவரின் முகத்துக்கு நேராக மூடி பறக்கும்.

உள்ளே புகும் நீர் உடனே இணைப்பை அறுத்துவிடாது. அதனால்தான் இந்தச் சோதனை அலட்சியப்படுத்தப்படுகிறது. வளைந்திருக்கும் கண்ணாடியின் நுண்ணிய விரிசல்களை ஈரம் மெல்ல வளர்க்கும். உறைபனி விழும் இடங்களில் ட்ரேக்குள் தேங்கிய நீர் கட்டியாகி இழைகளை நசுக்கும்.

11. சேம்பருக்குள் அமர்த்துதல்

இறங்கும் முன் மூன்றாம் படியின் வாயுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மேலே வேலை நடந்த நேரத்தில் உள்ளே காற்று மாறியிருக்கலாம்.

கேபிளைக் குளோஷரின் மேல் சுற்றாமல், குளோஷரைப் பிடித்துக்கொண்டு சுருளைச் சக்கரம்போல் சுவரை நோக்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும்; அப்போது முறுக்கு ஏறாது. ஒத்திகையில் இட்ட குறிகள் இப்போது கைகொடுக்கும். குளோஷரைச் சுவரில் இயன்ற அளவு உயரத்தில், மூடி சுமையேற்றும்போது இடிக்காத இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். தரையில் போட்டுவைப்பது சேற்றில் புதைப்பதற்குச் சமம். அடுத்து இறங்குபவர் அதன்மேல்தான் கால் வைப்பார்.

நுழைவாயிலிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டருக்குள் கேபிளுக்குத் தனித் தாங்கி வேண்டும். கேபிள் நேராக நுழைய வேண்டும்; பக்கவாட்டில் இழுத்தால் ரப்பரின் ஒரு பாதி நசுங்கி மறுபாதி தளரும். மேலே சோதனையில் தேறிய குளோஷர் கீழே கசிவதற்கு இதுவே முதற்காரணம். சுருளை அகலமான ஒட்டுப் பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள்.

இப்போது கேபிள் உள்ள டக்ட்களைப் பிளவுபட்ட அடைப்பான்களால் மூடலாம். எல்லாம் இடத்தில் அமர்ந்தபின் ஓடிடிஆரில் 1550-இல் இன்னொரு முறை அளந்து, 9-ஆம் படியின் அளவோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால், இறக்கும்போது ஏதோ வளைந்திருக்கிறது. ஆள் இன்னும் அங்கேயே இருக்கும்போது சரிசெய்வது எளிது.

12. அடையாளமும் பதிவும்

குளோஷருக்கும், அதன் இரு பக்கத்துக் கேபிள்களுக்கும், டக்ட் வாயிலுக்கும் நீரில் அழியாத பட்டி கட்டுங்கள். மையால் எழுதிய நாடா சேற்றுநீரில் நீடிக்காது. பொறித்த பிளாஸ்டிக் அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பட்டியே நிற்கும்.

பதிவில் ஒவ்வோர் இழையின் இருதிசை அளவு, ட்ரே எண், நிலஇணைப்பு விவரம், உள்ளே சுருளாக வைத்த கேபிளின் நீளம், 5-ஆம் படியில் குறித்த உறை மீட்டர் எண் ஆகியவை இருக்க வேண்டும். கடைசி இரண்டும் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் டியூப்புக்குள் இழை நேராகக் கிடப்பதில்லை. கேபிளின் நீளத்தைவிட இழையின் நீளம் சற்று அதிகம். அதனால் ஓடிடிஆர் காட்டும் தூரமும் தரையில் நடந்து அளக்கும் தூரமும் ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு சேம்பரிலும் மீட்டர் எண்ணும் சுருள் நீளமும் பதிவாகியிருந்தால், கேபிள் அறுந்த இடத்தை அருகிலுள்ள சேம்பரிலிருந்து கணக்கிட்டு நேராக அங்கே தோண்டலாம். இல்லையேல் சாலையைப் பல இடங்களில் வெட்ட வேண்டியிருக்கும்.

திறந்த குளோஷரின் உட்புறத்தையும், சுவரில் பொருத்திய நிலையையும் படமெடுத்துப் பதிவோடு சேருங்கள். பிறகு மூடியின் சட்டத்தில் படிந்த மண்ணைச் சுரண்டித் துடைத்து, மூடியைத் தூக்கு கொக்கியால் இறக்குங்கள். விரல்கள் விளிம்புக்கு அடியில் போகக்கூடாது. ஒரு மூலையில் ஏறி நின்று பாருங்கள். மூடி ஆடினால் சட்டத்தில் இன்னும் கல் இருக்கிறது. தூக்கி, அதை எடுத்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.